ஒரு டன் மூங்கில் ஒரு ரூபாய்!

காகித ஆலை முதலாளிகளுக்குக் காடு வேண்டுமாம்.

இது புதிய கோரிக்கை அல்ல. டில்லியில் எந்த மந்திரிசபை அமைந்தாலும் சரி, முதலாளிகளின் மனு அதன் மேஜைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மனுவின் சாரம் பல ஆண்டுகளாக மாறவே இல்லை. சீரழிந்த காடுகள் லட்சக்கணக்கான ஏக்கர் வீணே கிடக்கின்றன, மரம் நடுவதற்குச் சர்க்காரிடம் பணம் இல்லை, எங்களிடம் இருக்கிறது, நிலத்தைக் கொடுங்கள், நாங்களே நட்டு நாங்களே வெட்டிக்கொள்கிறோம், இதனால் நாடு பசுமையாகும், அன்னியச் செலாவணி மிச்சமாகும், ஆதிவாசிக்கு வேலை கிடைக்கும் என்கிறார்கள். கேட்கிறவர்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். இவ்வளவு பெரிய பரோபகாரிகளை இத்தனை நாள் காக்க வைத்துவிட்டோமே!

1998-ல் திட்டக் கமிஷன் இந்தக் கோரிக்கையை ஆராய என்.சி. சக்சேனா தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. கொடுக்கக்கூடாது என்று குழு சொல்லிற்று. ஒரு முறை இல்லையென்றால் எழுந்து போகிற ரகமா இவர்கள்? 2015-ல் டில்லியின் சுற்றுச்சூழல் இலாகா, சீரழிந்த காடுகளில் மரம் வளர்க்கத் தனியாரைச் சேர்த்துக்கொள்ளும் விதிமுறைகளை மாகாணங்களுக்கு அனுப்பி வைத்தது. 2018-ல் வெளியான புதிய தேசிய வனக் கொள்கையின் நகலில் அதே சரக்கு 'பொது - தனியார் கூட்டு' என்ற புதிய உறையில் வந்தது. கதவைச் சாத்தினால் ஜன்னலைத் தட்டுகிறார்கள். ஜன்னலையும் சாத்தினால் ஓட்டைப் பிரிக்கிறார்கள்.

நாம் இவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க விரும்புகிறோம். புதிதாகக் காடு கேட்பது இருக்கட்டும். இதுவரை கொடுத்த காட்டுக்கு நீங்கள் கொடுத்த விலை என்ன?

தாண்டேலிக் கணக்கு

மைசூர் ராஜ்யத்தின் வட கன்னட ஜில்லாவில், காளி நதிக்கரையில் தாண்டேலி என்ற ஊர். சுற்றிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடர்ந்த காடு. காடு நிறைய மூங்கில். 1950-ஆம் ஆண்டுகளின் கடைசியில் வெஸ்ட் கோஸ்ட் பேப்பர் மில்ஸ் அங்கே ஆலை வைத்தது. ஆலைக்குச் சர்க்கார் மூங்கில் கொடுத்த விலை டன்னுக்கு ஒன்றரை ரூபாய் என்று மாதவ் காட்கில் எழுதியிருக்கிறார். அவர் நமது கட்சிக்காரர் அல்ல; விஞ்ஞானி. கர்நாடக சர்க்கார் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தக் காடுகளுக்குள் நடந்து திரிந்து மூங்கிலை அளந்தவர்.

அந்த வேலை அவரிடம் வந்த கதையே தனி. கூடையும் முறமும் முடைந்து பிழைக்கும் மேதர் சமூகத்து ஏழை ஜனங்கள், தங்களுக்கு மூங்கில் கிடைப்பதில்லை என்று முறையிட்டார்கள். முடைகிறவன் டன் கணக்கில் வாங்குகிறவனா? கழி கணக்கில் வாங்குகிறான். ஒரு கழியைப் பிளந்து, சீவி, பின்னி, சந்தைக்குத் தலையில் சுமந்து போய் விற்றால் அன்றைய அரிசி. ஒன்றரை ரூபாய்க்கு ஒரு டன் என்கிற விலை அவன் காதில்கூட விழுந்திருக்காது. இலாகாவின் பேரேட்டில் அவன் வாடிக்கைக்காரன் அல்ல, திருடன்.

மூங்கில் ஏன் அழிகிறது என்று கேட்டதற்கு இலாகா அதிகாரிகள் தயாராகப் பதில் வைத்திருந்தார்கள்: கிராமத்தான் வெட்டுகிறான், அவனுடைய மாடு மேய்கிறது. காட்கில் காட்டுக்குள் போய்ப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. மூங்கில் புதரின் அடியில் இயற்கையாகவே முள் அடர்ந்து வேலி போல நிற்கும். மழைக்காலத்தில் கிளம்பும் குருத்தை மாடும் குரங்கும் பன்றியும் தின்றுவிடாமல் காப்பது அந்த முள்தான். வெட்டுவதற்கு வசதியாக, புதரைச் 'சுத்தம் செய்வது' என்ற பெயரில் அந்த முள்ளை ஆலைக்காக வெட்டியெறிந்தார்கள். முள் போனால் குருத்து போகும், குருத்து போனால் புதர் போகும் என்று கிராமத்தார் சொன்னார்கள். படித்தவர்கள் கேட்கவில்லை. காட்டில் எவ்வளவு மூங்கில் இருக்கிறது என்று இலாகா போட்டிருந்த மதிப்போ உண்மையைப் போலப் பல மடங்கு. இல்லாத மூங்கிலைக் காகிதத்தில் காட்டி, அந்தக் கணக்கின் பேரில் ஆலைக்கு லைசென்சு கொடுத்து, ஆலைக்காக இருக்கிற மூங்கிலையும் வழித்தெடுத்தார்கள். பக்கத்துக் காடு தீர்ந்ததும் ஆலை மேலும் மேலும் தூரத்துக் காடுகளுக்குக் கைநீட்டிற்று.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எந்த முதலாளியும் எந்த அதிகாரிக்கும் பணம் நீட்டியதாக நாம் சொல்லவில்லை. நீட்டியிருக்கலாம், நீட்டாமலும் இருந்திருக்கலாம். நீட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இதிலுள்ள விசேஷம். ஒன்றரை ரூபாய் என்பது சந்தையில் ஏறி இறங்கிக் கிடைத்த விலை அல்ல. முதலாளியும் சர்க்காரும் ஓர் அறையில் உட்கார்ந்து பேசி, ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்ட விலை. எதிரே உட்கார்ந்து இது அநியாயம் என்று சொல்ல மேதர் சமூகத்தான் அந்த அறையில் இல்லை. ஆலை வேண்டும் என்று ராஜ்யங்கள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. நீ கொடுக்காவிட்டால் பக்கத்து ராஜ்யத்துக்குப் போகிறேன் என்று முதலாளி சொன்னால் போதும். சொல்லக்கூட வேண்டாம், தொப்பியைக் கையில் எடுத்தால் போதும்.

இப்படிச் செல்வாக்குப் பெறுவதற்கு மூலதனமே தேவையில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். கம்பெனிகள் அரசியல் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பது பழைய வழக்கம். 1957-ல் டாட்டா கம்பெனி, கட்சிகளுக்கு நன்கொடை தருவதற்காகத் தன் விதிகளைத் திருத்திக்கொள்ள அனுமதி கேட்டு வந்தபோது, பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி சாக்ளா சட்டப்படி அனுமதித்தார். ஆனால் இது ஜனநாயகத்துக்கே ஆபத்தாக முடியும் என்று தீர்ப்பிலேயே எச்சரித்தார். 1969-ல் பார்லிமெண்ட் இந்த நன்கொடைகளைத் தடை செய்தது. 1985-ல் தடை நீங்கிற்று. 2017-ல் உச்சவரம்பும் நீங்கி, கொடுத்தவன் பெயரை மறைக்கும் தேர்தல் பத்திரம் வந்தது. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்யும்வரை, எந்த இலாகாவில் எந்த மனுவைக் கொடுத்தவன் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தான் என்று சாதாரண ஜனங்கள் தெரிந்துகொள்ள வழியில்லாமல் இருந்தது.

மாவூர்: நமது பக்கம்

இதெல்லாம் காங்கிரஸ்காரன் செய்தது, மற்றவன் செய்தது என்று எழுதி முடித்துவிட்டால் நமக்குச் சுலபம். ஆனால் தலைப்பில் உள்ள ஒரு ரூபாய் காங்கிரஸ் சர்க்கார் எழுதிய ரூபாய் அல்ல.

1957 ஏப்ரலில் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை பதவியேற்றது. நிலச் சீர்திருத்தமும் கல்விச் சட்டமும் கொண்டுவந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த மந்திரிசபை. அதே மந்திரிசபை, பிர்லாவை அழைத்து, கோழிக்கோட்டுக்கு அருகே சாலியாற்றின் கரையிலுள்ள மாவூரில் மரக்கூழ் ஆலை வைக்கச் சொல்லிற்று. 1958-ல் குவாலியர் ரேயான்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆயிற்று. ஆலைக்கு வேண்டிய மூங்கிலைக் கேரளக் காடுகளிலிருந்து சர்க்கார் கொடுக்கும்; விலை டன்னுக்கு ஒரு ரூபாய். தாண்டேலியைவிட எட்டணா மலிவு!

ஏன் செய்தார்கள்? கேரளத்தில் தொழில் குறைவு. படித்த வாலிபர்கள் வேலையின்றி அலைந்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் ஒரு முதலாளியும் கால் வைக்கமாட்டான் என்று பத்திரிகைகள் தினம் தினம் எழுதின. பிர்லாவே வருகிறான் பார் என்று காட்ட வேண்டியிருந்தது. ஆலை வந்தால் தொழிலாளி வர்க்கம் வளரும் என்ற நம்பிக்கையும் இருந்தது. இவையெல்லாம் கேவலமான காரணங்கள் அல்ல. கையெழுத்திட்டவர்கள் ஒரு தம்பிடியும் தமக்கென எடுத்தவர்கள் அல்ல. சொந்தச் சொத்தைக் கட்சிக்குக் கொடுத்தவர்கள். அப்படிப்பட்டவர்களிடமே ஒரு ரூபாய்க்கு ஒரு டன் என்று எழுதி வாங்க முடிந்தது என்றால், மற்றவர்களிடம் என்னென்ன எழுதி வாங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆலை 1963-ல் மரக்கூழ் உற்பத்தியைத் தொடங்கிற்று. அதற்குள் அந்த மந்திரிசபையை டில்லி கலைத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மந்திரிசபை போனாலும் ஒப்பந்தம் போகவில்லை. பிர்லாவின் ஆலைக்கு வேண்டிய அளவு மூங்கிலைச் சர்க்காரால் கொடுக்க முடியவில்லை. அதற்குப் பிராயச்சித்தமாகப் பின்னொரு ஒப்பந்தம் எழுதினார்கள். கம்பெனி தனக்கென்று தனியார் காட்டை வாங்கிக்கொண்டால், தனியார் காடுகளைக் கையகப்படுத்தும் சட்டத்தை 60 ஆண்டுகளுக்குச் சர்க்கார் கொண்டுவராது என்று உறுதி கொடுத்தார்கள். வாசகர்கள் மறுபடியும் படிக்க வேண்டும். 60 ஆண்டுகளுக்குச் சட்டசபை சட்டம் செய்யாது! இன்னும் பிறக்காத வாக்காளர்களின் சட்டசபையையும் சேர்த்துக் குத்தகைக்கு விட்டார்கள். இந்த உறுதியை நம்பிக் கம்பெனி நிலம்பூர் கோவிலகத்திடமிருந்து 30,000 ஏக்கர் காட்டை 75 லட்ச ரூபாய்க்கு வாங்கிற்று. ஏக்கர் 250 ரூபாய் ஆகிறது.

1971-ல் தோழர் அச்சுத மேனன் முதல் மந்திரியாக இருந்தபோது கேரளம் தனியார் காடுகளைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் சட்டத்தை இயற்றிற்று. கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. எங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்களே, 60 ஆண்டு ஆகவில்லையே என்று சுப்ரீம் கோர்ட்டில் வாதாடிற்று. 1973-ல் தீர்ப்பு வந்தது. சட்டம் செய்யும் அதிகாரத்தை எந்த சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு விற்க முடியாது என்ற அடிப்படையில் கம்பெனியின் வாதம் தள்ளுபடி ஆயிற்று, சட்டம் நிலைத்தது. இதில் ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாமல் விட மனமில்லை. 1971-ல் சட்டம் செய்த அச்சுத மேனன் 1957 மந்திரிசபையில் நிதி மந்திரி. 1973-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று தனித் தீர்ப்பு எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதே மந்திரிசபையில் சட்ட மந்திரி. பிர்லாவை வரவேற்ற மந்திரிசபையில் இருந்த இருவர், பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஒருவர் சட்டசபையிலும் ஒருவர் நீதிமன்றத்திலும் பிர்லாவின் காட்டைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

காடு திரும்பிற்று, மூங்கில் திரும்பவில்லை. ஆறும் திரும்பவில்லை. ஆலைக் கழிவு சாலியாற்றில் கலந்து மீன் செத்து மிதந்தது. ஆற்றங்கரையிலுள்ள வாழக்காடு பஞ்சாயத்து ஜனங்கள் பல்லாண்டுகள் போராடினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய கே.ஏ. ரகுமான், ஊரில் புற்றுநோய்க்குப் பலியானவர்களைக் கணக்கெடுக்க முன்னின்றவர், 1999 ஜனவரியில் அதே நோய்க்குப் பலியானார்.

தொழிலாளர்களுக்காவது நல்லது நடந்ததா? 1985-ல் ஆலை மூடப்பட்டு மூன்று ஆண்டுகள் பூட்டியே கிடந்தது. பட்டினியில் தொழிலாளர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். ஆலையைத் திற என்று தொழிலாளி பட்டினி கிடந்து கேட்டான். முதலாளி சர்க்காரைப் பார்த்துச் சிரித்தான். மூலப்பொருள் பற்றிப் புதிய உறுதிமொழிகளைப் பெற்றுக்கொண்ட பிறகே 1988-ல் ஆலை திறந்தது. அப்போதும் அங்கே இடதுசாரி சர்க்கார்தான். மனு எழுத முதலாளிக்குக் குமாஸ்தா தேவைப்படவில்லை. தொழிலாளியின் வயிறே அவனுக்காக மனு எழுதிற்று. ஆற்றில் விஷம் கலக்காதே என்று கேட்ட வாழக்காட்டு விவசாயியும், ஆலையை மூடாதே என்று கேட்ட மாவூர்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் விரோதிகளாகப் பார்த்தார்கள். நமது தொழிற்சங்கத் தோழர்களும் அந்தக் காலத்தில் ஆற்றங்கரை ஜனங்களோடு நிற்கவில்லை என்பதை இங்கேயே எழுதி வைக்கிறோம். 2001-ல் ஆலை ஒரேயடியாக மூடப்பட்டது. மூங்கிலும் லாபமும் தீர்ந்த இடத்தில் பிர்லாவுக்கு என்ன வேலை?

பழைய குப்பையை ஏன் கிளறுகிறீர்கள், எதிரிக்கு இது அவல் அல்லவா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். எதிரியிடம் இந்தக் கதை ஏற்கெனவே இருக்கிறது. அவன் அதை அரை உண்மையாகச் சொல்லித் திரிகிறான். நமது வாசகன் அதை முழுதாக நம் பத்திரிகையில் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறோம். நாளைக்கு ஏதாவது ஒரு ராஜ்யத்தில் நமது தோழர்கள் மந்திரிகளாக உட்கார்ந்திருக்கும்போது, எதிரே நாற்காலியில் ஒருவன் தொப்பியைக் கையில் எடுப்பான். அப்போது மாவூர் ஞாபகம் வர வேண்டும்.

'சீரழிந்த' என்றால் என்ன?

இனி அந்த வார்த்தைக்கு வருவோம். 1976-ல் தேசிய விவசாயக் கமிஷன் ஓர் அறிக்கை கொடுத்தது. காடு இருப்பதே தொழிற்சாலைக்கு மரம் தரத்தான் என்ற பாணியில் அது பேசிற்று. ராஜ்யந்தோறும் வனக் கார்ப்பொரேஷன்கள் முளைத்தன. கலப்புக் காட்டை வெட்டிவிட்டுத் தைலமரம் வைப்பது விஞ்ஞானம் என்று பெயர் பெற்றது.

கர்நாடகத்தில் இதன் உச்சம் 1984-ல் வந்தது. சர்க்காரும் பிர்லாவின் ஹரிஹர் பாலிஃபைபர்ஸ் கம்பெனியும் கூட்டாகக் கர்நாடக பல்ப்வுட் லிமிடெட் என்று ஒன்றைத் தொடங்கின. ஆலைக்குத் தைலமரம் வளர்க்க 30,000 ஹெக்டேர் நிலம், 40 ஆண்டுக் குத்தகை. எந்த நிலம்? கிராமத்தான் மாடு மேய்த்து, விறகு பொறுக்கி, தழை ஒடித்து வந்த நிலம். இலாகாவின் கணக்கில் அது சீரழிந்தது. கிராமத்தின் கணக்கில் அது மேய்ச்சல். 1987 நவம்பர் 14-ந் தேதி தார்வாட் ஜில்லா குஸ்னூர் கிராமத்து ஜனங்கள் ஒன்றுகூடி, தைலங்கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, அதே குழியில் தங்களுக்குப் பயன்படும் மரங்களை நட்டார்கள். 'பிடுங்கு, நடு' சத்தியாக்கிரகம் என்று அதற்குப் பெயர். கன்னட இலக்கிய மேதை சிவராம காரந்தும் சமாஜ பரிவர்த்தன சமுதாயத்தாரும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார்கள். 1991-ல் அந்தக் கூட்டுக் கம்பெனி மூட்டை கட்டிற்று.

இடையில், 1988-ல், டில்லி சர்க்கார் தேசிய வனக் கொள்கையை மாற்றி எழுதியது. ஆலைகளுக்குச் சலுகை விலையில் வனப்பொருள் கொடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும்; ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு நேரடியாகத் தொடர்பு வைத்து வளர்த்துக்கொள்ள வேண்டும்; இயற்கைக் காட்டைத் தோட்டம் போட ஆலைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்றெல்லாம் அதில் எழுதப்பட்டது. தாண்டேலியும் மாவூரும் குஸ்னூரும் இல்லாமல் இந்த வரிகள் அதில் ஏறியிருக்காது. இந்த வரிகளைத் துடைப்பதற்காகத்தான் இத்தனை மனுக்களும்.

நம் ஊர் விவசாயிகளுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்குப் போடாத கிராமம் உண்டா? புதுக்கோட்டைப் பக்கம் தைலமரம். நாலைந்து வருஷம் காத்திருந்து வெட்டுகிற மரம் புகலூருக்கும் பள்ளிப்பாளையத்துக்கும் லாரி ஏறுகிறது. தங்களுக்கு வேண்டிய மரத்தில் பெரும்பகுதி விவசாயிகளிடமிருந்தே வருகிறது என்று காகித முதலாளிகளே பெருமையாகச் சொல்கிறார்கள். சரி, வருகிறதல்லவா? பிறகு காடு எதற்கு?

அங்கேதான் சூட்சுமம். விவசாயியின் சவுக்குக்கு விலை ஏறும்போது, 'எனக்குச் சொந்தக் காடு இருக்கிறது, உன் மரம் வேண்டாம் போ' என்று சொல்ல ஒரு காடு வேண்டும். இது நமது கற்பனை அல்ல. 1980-ஆம் ஆண்டுகளில் வட நாட்டு விவசாயிகள் சர்க்காரின் பேச்சைக் கேட்டு வரப்பெல்லாம் தைலமரம் வைத்தார்கள். வெட்டும் காலத்தில் விலை அடியோடு விழுந்தது. ஆலைகளுக்குச் சர்க்கார் காட்டிலிருந்து மலிவாக மரம் கிடைத்துக்கொண்டிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். சக்சேனா இதை எடுத்துக் காட்டித்தான் குத்தகை வேண்டாம் என்று வாதாடினார். காட்டைக் கொடுத்தால் இழப்பது ஆதிவாசி மட்டும் அல்ல, சவுக்குக்காரனும்தான். ஆனால் சவுக்குக்காரனிடம் யாரும் இதைப் போய்ச் சொல்வதில்லை. காட்டுப் பிரச்னை என்றால் அது மலையில் இருப்பவர்களின் பிரச்னை என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். நமது விவசாய சங்கத் தோழர்கள் கடலூரில் கூட்டம் போடும்போது இதையும் ஒரு விஷயமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மரமா, புல்லா?

கடைசியாக மூங்கிலிடமே வருவோம். தாவர சாஸ்திரப்படி மூங்கில் ஒரு புல். 1927-ம் ஆண்டு வெள்ளைக்காரன் செய்த வனச் சட்டப்படி அது மரம். எனவே ஆதிவாசி ஒரு கழி வெட்டினால் மரத்தை வெட்டிய குற்றம். எடுத்துப் போக இலாகாவின் பாஸ் வேண்டும். ஆலைக்குப் போகும்போது அதே மூங்கிலுக்கு மரத்தின் விலை கிடையாது. புல்லின் விலைகூடக் கிடையாது. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம், மூங்கில் சிறு வனப்பொருள், அது காட்டு ஜனங்களுக்குச் சொந்தம் என்று தெளிவாக எழுதிற்று. ஆதிவாசி இயக்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் பார்லிமெண்டுக்கு உள்ளும் வெளியும் போராடிப் பெற்ற சட்டம் அது. இருந்தும் இலாகா, மூங்கில் மரம்தான் என்று பழைய சட்டத்தைக் காட்டிப் பாஸ் கொடுக்க மறுத்து வந்தது. பிறகு 2017-ல் மரம் என்ற பட்டியலிலிருந்து மூங்கிலை எடுத்தார்கள். காட்டுக்கு வெளியே மூங்கில் வளர்க்கிற விவசாயிக்கு உதவத்தான் இது என்று சர்க்கார் சொல்லிற்று. தொண்ணூறு ஆண்டுகள் ஆயின, புல்லைப் புல் என்று ஒப்புக்கொள்ள!

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி ஜில்லாவில் மேண்டா லேகா என்று ஒரு கோண்டு ஆதிவாசி கிராமம். அந்த ஜில்லாவின் மூங்கில் நீண்ட காலம் பல்லார்பூர் காகித ஆலைக்குக் குத்தகையில் போய்க்கொண்டிருந்தது. ஆலையின் ஆட்கள் வெட்டுகிற முறையைக் கிராமத்தார் எதிர்த்தார்கள். முடிவெடுத்தால் ஊர் முழுவதும் கூடி ஒருமனதாக எடுப்பது என்பது அங்கே வழக்கம். 2009-ல் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமுதாய உரிமைப் பட்டா அவர்களுக்குக் கிடைத்தது. பட்டா கிடைத்தும் மூங்கிலை வெட்டி விற்கப் பாஸ் இல்லை. பாஸ் புத்தகம் இலாகாவின் அலமாரியில் இருந்தது. இரண்டு ஆண்டுகள் கேட்டார்கள். 2011 ஏப்ரல் 27-ந் தேதி மத்திய மந்திரி ஜெய்ராம் ரமேஷும் மகாராஷ்டிர முதல் மந்திரியும் அந்தச் சிறு கிராமத்துக்கு நேரில் போய், பாஸ் புத்தகத்தைக் கிராம சபையின் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கிராம சபை டெண்டர் கோரி, தானே மூங்கிலை வெட்டி, தானே விலை பேசி விற்றது. விலை பேசும் அறையில் முதன்முறையாகக் காட்டில் வாழ்கிறவன் உட்கார்ந்திருந்தான்.

அப்படிப்பட்ட கிராம சபைகள் நாட்டில் எத்தனை? நமது தமிழ்நாட்டின் மலைகளில் எத்தனை? நீலகிரியில், சத்தியமங்கலத்தில், கல்வராயன் மலையில் இருக்கும் தோழர்கள் அந்தந்த ஊர்க் கிராம சபையில் எழுப்ப வேண்டிய கேள்வி இது. சட்டசபையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சர்க்கார் காட்டிலிருந்தும் வனக் கார்ப்பொரேஷன் தோட்டங்களிலிருந்தும் எந்த ஆலைக்கு, எத்தனை டன், டன் என்ன விலைக்குப் போகிறது? விலையை நிர்ணயித்த கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள்? எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம்? ஒப்பந்தத்தின் நகலைச் சபையின் மேஜைமீது வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்சி மந்திரியாக இருந்தாலும் சொல்லுங்கள். நமது கட்சி மந்திரியாக இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள்.